லட்ச ரூவாய் ‘மாட்டேன்’

வா அம்முணி, இப்புடித் திண்ணையில உக்காரு. நீ சினிமா நடிகையாகப் போறீன்னு உங்கம்மா காத்தால போனுல ஒரே அழுகை. "அப்பா, நீங்க நாலு வார்த்தை சொன்னாத்தான் கேப்பா"ன்னா. நாலு வார்த்தையில நிறுத்தற ஆளா நானு? அதனால மொதல்ல உங்க அமுச்சிகிட்டப் போயிக் காப்பி போடச் சொல்லு. எனக்குச் சக்கரை வேண்டாம்னு அவ காதுல உழுவற மாதிரி சத்தமாச் சொல்லிப்போடு. கொண்டாரப்ப வழியில ஒரு கரண்டி போட்டுக்கிட்டு வா. இதை மட்டும் ஒழுங்கா நடிச்சுட்டீன்னா, உனக்குள்ள நடிகை இருக்கறான்னு நானே உங்கம்மாகிட்டச் சொல்லீர்றேன்.

கொண்டாந்துட்டியா? பரவால்ல, சக்கரை இருக்குது. மொகத்துல மட்டும் திருட்டு முழி. போகப் போகச் சரியாயிரும்.

இப்ப விசயத்துக்கு வருவோம். மெட்ராசுல எவனோ ஒருத்தன் உன்னய நடிகையாக்கறேன்னு சொல்லியிருக்கறான். ஆறு வாரம் கோர்ஸாமா, அதுக்கு நீ எம்பத்தஞ்சாயிரம் கட்டோணும். போட்டோ ஆல்பத்துக்குத் தனியா நாப்பதாயிரம். கடைசியில சர்ட்டிபிகேட்டும் உண்டாமா. ஆகமொத்தம் ஒண்ணேகால் லட்சம். எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் சாமி. நடிக்கறது நீயி. காசு குடுக்கறதும் நீயி. அப்பறம் அவனுக்கு அங்க என்ன சோலி?

நம்ம ஊஞ்சலூருக்குப் பக்கத்து ஊருதான் கொடுமுடி. அங்க பொறந்த ஒரு பொம்பளை 1935ல ஒரே ஒரு படத்துல நடிக்க லட்ச ரூவாய் வாங்குனாங்க. ஆணும் சரி பொண்ணும் சரி, அதுக்கு முன்னால அத்தனை சம்பளம் இங்க ஆரும் வாங்குனதில்லேன்னு சொல்லுவாங்க. அன்னைக்கு ஒரு பவுனு முப்பது ரூவாயைத் தாண்டலை. போனுலதான் கால்குலேட்டர் வெச்சிருக்கறயே, போட்டுப் பாரு. மூவாயிரம் பவுனுக்கு மேல வருதா? அந்தம்மா லட்சம் வாங்கிக்கிட்டு நடிகையானாங்க, நீ லட்சத்தைக் குடுத்துட்டு ஆகோணும்ங்கற. தொகை கிட்டத்தட்ட ஒண்ணுதான், போற தெசைதான் வேற.

ஆமா, கே.பி. சுந்தராம்பாளைத்தான் சொல்றேன். கொடுமுடி பாலாம்பாள் மக சுந்தராம்பாள். திருவிளையாடல்ல வர்ற அவ்வையார் பாட்டியான்னு கேக்கற பாத்தியா, அதுதான் உங்க காலத்துப் பிள்ளைக. அவிய பொறக்கும்போதே தலை நரைச்சு, நெத்தி நெறைய துன்னூறு பூசி, கையில கோலோட பொறந்த மாதிரி உங்களுக்கு நெனப்பு. லட்சம் வாங்குனப்ப அந்தம்மாவுக்கு வயசு இருவத்தாறு, இருவத்தேழுதான்.

அந்த லட்சத்தைக் கேட்ட கதையே தனி. படத்துல நடிக்க வாங்கன்னு அசன்தாஸ்னு ஒரு தயாரிப்பாளர் ஆளு மேல ஆளு அனுப்பறாரு. இந்தம்மாவுக்கு இஷ்டமில்ல. எத்தனை தாட்டி மாட்டேன்னு சொன்னாலும் உட மாட்டேங்கறாங்க. சரி, ஒரு ரேட்டைச் சொன்னா ஓடிருவாங்கன்னு லட்ச ரூவாய்ன்னு சொல்லிப்போட்டாங்க. அந்த மனுசன் ஓடலை, சரின்னுட்டாரு! இப்புடித்தான் சொல்லுவாங்க, கொஞ்சம் உப்பு மொளகா சேந்திருக்கும், இருந்துட்டுப் போவுது.

ஆனா இதைத் தற்செயலா வந்த அதிர்ஷ்டம்னு நெனைச்சுக்காத. நானு நாப்பது வருசமா மஞ்ச விக்கறேன். ஈரோட்டு மண்டியில ஏவாரி நம்ம விரலியைக் கையில எடுத்து, படக்குனு ஒடிச்சுப் பாத்து, ‘ஈரம் இருக்குதுங்களே’ம்பான். ஈரமெல்லாம் ஒண்ணும் இருக்காது. நம்ம மூஞ்சியில அவசரம் இருக்குதான்னு பாக்கறான். பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டுப் போனவன் அவஞ் சொன்ன வெலைக்குக் குடுத்துட்டு வருவான். ‘கட்டுபடியாகலீங், குடோன்லயே கெடக்கட்டும்’னு துண்டை ஒதறித் தோள்ல போட்டவனைத்தான் ரோட்டு முக்கு வரைக்கும் தொரத்திக்கிட்டு வருவான். கொடுமுடியம்மா துண்டை ஒதறித் தோள்ல போட்டவங்க.

அதுக்கும் சரக்கு வேணுமில்ல? அந்தம்மாகிட்ட இருந்துச்சு. 1931ல காளிதாஸ் வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பிச்சதும், ஆருக்குக் கிராக்கின்னு நெனைக்கற? செவப்பா இருக்கறவங்களுக்கா? இல்ல, பாடறவங்களுக்கு. அப்பெல்லாம் பின்னணிப் பாட்டு ஏற்பாடு வரலை. நடிக்கறவங்களே பாடோணும். அதனால கம்பெனிக்காரங்க பூராம் நாடகக் கொட்டாயி வாசல்ல வந்து நின்னாங்க. மைக்கே இல்லாத கொட்டாயில, கடைசியில தரை டிக்கெட்டுல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கற மாதிரி பாடிப் பழகுன தொண்டை அது. நீ ரீலுல பாடறதுகூட இல்ல, வாயை மட்டும் அசைக்கற. நேத்து நம்ம பொடக்காளியில நின்னு ஒண்ணு எடுத்தயே, எருமை கத்துன சத்தம் மட்டும் அதுல சொந்தக் கொரலு.

கோவிச்சுக்காத. உன்னய ஒண்ணும் மட்டந்தட்டலை. அந்தம்மாவும் உன்ற மாதிரி போற வர்ற சனத்துக்கு முன்னாலதான் ஆரம்பிச்சாங்க. 1908ல பொறப்பு. சின்ன வயசுலயே ஊட்டுல ஒண்ணுமில்ல. ரயில்ல பாடி நாலு காசு கொண்டாந்த பிள்ளைன்னு சொல்லுவாங்க. இப்பவும் ஈரோடு திருச்சி பாசஞ்சர் போற அதே லைனுதான். பிடிக்கலேன்னா உன்ற ரீலை வெரல்ல தள்ளிட்டுப் போயிருவான். ரயிலுப் பெட்டியில பிடிக்கலேன்னா மூஞ்சியத் திருப்பிக்குவான், கையில இருக்கற தம்பிடியும் ஜோப்புக்குள்ள திரும்பிப் போயிரும். பாடி முடிக்கறதுக்குள்ள ஆரு காசு போடுவான், ஆரு போடமாட்டான்னு கண்ணைப் பாத்தே சொல்லீரோணும். நீ எம்பத்தஞ்சாயிரம் கட்டற எடத்துல இதைச் சொல்லித் தருவானா?

ரயில்ல கொரலைக் கேட்ட ஒரு பெரியவரு நாடகத்துல சேத்துவிட்டாருன்னு ஒரு சேதி. கரூர்ல ஒரு போலீசு அதிகாரி சேத்துவிட்டாருன்னு இன்னொரு சேதி. எப்புடியோ, போய்ச் சேந்தது வேலு நாயர் கம்பெனி. மொத வேசம் நல்லதங்காள் நாடகத்துல பசியில அழுவற பையன் வேசமாமா. அந்த அழுகையை அந்தப் பிள்ளைக்கு ஆரும் ஆறு வாரம் கோர்ஸ் நடத்திச் சொல்லித் தரலை. ஊட்டுலயே படிச்சுட்டு வந்த பாடம்.

அப்பறம் ராஜபார்ட்டு. மீசை வெச்சு, கிரீடம் வெச்சு, பொம்பளையே ஆம்பளையா நின்னு பாடறது. கப்பலேறி இலங்கைக்குப் போனாங்க. கொழும்புல இந்தம்மா நாடகம்னா கூட்டம் தாங்காது. அங்கதான் 1926ல செங்கோட்டைக் கிட்டப்பா வந்து சேந்தாரு. அந்த மனுசன் கொரலைப் பத்தி எங்கப்பாரு பேச ஆரம்பிச்சா ராத்திரி சோத்துக்கு வரமாட்டாரு, எங்காத்தா தட்டை வெச்சுக்கிட்டு வெஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னா ஆரு ஆரை முழுங்கறாங்கன்னு பாக்கவே சனம் வந்துச்சு. பாதிப் பேரு கிட்டப்பா கச்சி, பாதிப் பேரு சுந்தராம்பாள் கச்சி. கடைசியில ரெண்டு கச்சியும் ஒண்ணாப் போச்சு, 1927ல கல்யாணம்.

இங்க நீ காதைத் தீட்டிக்கோணும் அம்முணி. கிட்டப்பாவுக்கு ஊர்ல ஏற்கனவே சம்சாரம் இருந்தாங்க. ஊரு ஒலகத்துக்கெல்லாம் மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச அந்தம்மாவுக்கு இந்த ஒரு ஆளுகிட்ட மட்டும் அந்த வார்த்தை வாயில வரலை. பொறந்த கொழந்தையும் தங்கலை. அவரு செங்கோட்டைக்குப் போனா மாசக்கணக்குல வரமாட்டாரு. இந்தம்மா கடுதாசி எழுதுவாங்க. அந்தக் கடுதாசியெல்லாம் பின்னால அச்சுல வந்திருக்குது. கெஞ்சலும் இருக்கும், கோவமும் இருக்கும், ‘ஒடம்பைப் பாத்துக்கங்க’ன்னும் இருக்கும். ஒரே கடுதாசியில மூணும் இருக்கும். உங்கம்மா உங்கப்பனுக்குத் துபாய்க்கு வாட்ஸாப்புல அனுப்பற மாதிரின்னு வெச்சுக்க. நானு இதைச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிப்போடாத.

1933 டிசம்பர்ல கிட்டப்பா செத்துப்போனாரு. முப்பதுகூட ஆகலை. இந்தம்மாவுக்கு இருவத்தஞ்சு. வெள்ளைச் சீலையைக் கட்டுனாங்க, இனி எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்கமாட்டேன்னுட்டாங்க. ரோசனை பண்ணிப் பாரு. அன்னைக்கு நாடகமும் சினிமாவும் ஓடுனதே ஜோடியிலதான். வள்ளின்னா முருகன் வேணும், கோவலன்னா மாதவி வேணும். தொழில்ல மொதப் படியிலயே கேட்டைச் சாத்திக்கிட்ட மாதிரிதான். கூட இருந்தவங்க எல்லாரும், ‘அம்மா பொழப்பு போச்சு’ன்னுதான் பேசியிருப்பாங்க.

போகலை. ஆம்பளையோட நடிக்கமாட்டேன்னாங்க, சரி, ஆம்பளையாவே நடிச்சுட்டாங்க! லட்ச ரூவாய் வாங்குன படம் அதுதான், நந்தனார். இந்தம்மாதான் நந்தன். கச்சேரி வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யரு வேதியரு. ஜோடிங்கற பேச்சுக்கே எடமில்ல. சபதமும் ஒடையலை, லட்சமும் வந்துச்சு. உங்க வக்கீல் மாமன் இருக்கறானே, அவனுக்குக்கூட இப்புடி ஒரு பாயிண்ட்டு தோணியிருக்காது.

சரி, படம் வந்ததும் ஊரே தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சான்னு கேப்ப. கல்கி அப்ப விகடன்ல விமர்சனம் எழுதறாரு. இந்தப் படத்துல மரமும் எருமையும் நடிச்ச மாதிரி ஆரும் நடிக்கலேங்கற கணக்குல போட்டுக் கிழிச்சாரு. லட்ச ரூவாய் வாங்குன ஆளைத் தாண்டிப் பரிசு எருமைக்குப் போவுது! உன்ற ரீலுக்குக் கீழ எவனோ ‘கிரிஞ்ச்’னு போட்டான்னு போன வாரம் சோறு உங்காமப் படுத்தியாமே. அந்தம்மா சோறு உண்டாங்களா இல்லையா எனக்குத் தெரியாது. பாடறதை நிறுத்தலைங்கறது தெரியும். அந்த எருமை அதுக்கப்பறம் எத்தனை படத்துல நடிச்சுதுன்னு நீயே தேடிப் பாரு.

அதுக்கப்பறம் அந்தம்மா போன வேகம் இருக்குதே, உங்க ஆளுங்க பாத்தா மயக்கம் போட்டு உழுந்திருவாங்க. 1940ல மணிமேகலை. அடுத்த படம் 1953ல. நடுவுல பதிமூணு வருசம். நீ மூணு நாளு ரீலு போடலைன்னா ஆளுங்க மறந்துருவாங்கன்னு கண்ணுக்கு மையிட்டுக்கிட்டு ஓடற. பதிமூணு வருசம் படமில்ல, ஆனா மேடை இருந்துச்சு, காங்கிரசுக் கூட்டம் இருந்துச்சு. காங்கிரசுத் தலைவரு சத்தியமூர்த்தி காலத்துல இருந்தே பழக்கம், அவரு பேச வந்தா அதுக்கு முன்னால இந்தம்மா பாட்டு. பேச்சுக்கு வந்த கூட்டமா, பாட்டுக்கு வந்த கூட்டமான்னு பேசுனவங்களுக்கே சந்தேகம் இருந்திருக்கும். 1951ல சட்ட மேலவை உறுப்பினராக்குனாங்க. இந்த நாட்டுல சினிமாவுல இருந்து சட்டசபைப் படியேறுன மொத ஆளு அவியதான்னு சொல்லுவாங்க. அப்பறம் வந்த கூட்டத்தைப் பத்தி நானு ஒண்ணும் சொல்லலை, உங்க பெரியப்பன் கச்சிக்காரன், காதுல உழுந்தாப் பொங்கலுக்கு ஊட்டுக்கு வரமாட்டான்.

1953ல ஜெமினி வாசன் எடுத்த அவ்வையார். அந்தம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு பக்கம். கதாநாயகி கெழவி. பாட்டு, தமிழு, பக்தி, கோட்டையை ஒடைக்கற ஆனைக் கூட்டம், எல்லாத்துக்கும் நடுவுல வெள்ளைச் சீலையோட ஒரு கெழவி. காதல் இல்ல, டூயட் இல்ல. எங்கப்பாரு மாட்டுவண்டி கட்டி ஊட்டோட கூட்டிக்கிட்டுப் போனாரு. நானு தூங்கிட்டேன், ஆனை வந்தப்ப மட்டும் எழுப்பிவிட்டாங்க. இருவத்தெட்டு வயசானா நடிகைக்கு மார்க்கெட் போயிரும்னு உன்ற சிநேகிதி சொல்றாளாமே? அவகிட்ட இதைச் சொல்லு. அந்தம்மாவுக்கு மார்க்கெட்டே கெழவி வேசத்துலதான் களை கட்டுச்சு. 1964ல பூம்புகார், 1965ல திருவிளையாடல், 1973ல காரைக்கால் அம்மையார். நடுவுல துணைவன் படத்துப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970ல பத்மஸ்ரீ. நடிச்ச படம் மொத்தம் எண்ணுனா ஒரு டஜன் பக்கம் வரும், அவ்வளவுதான்.

பூம்புகார் சேதி ஒண்ணு இருக்குது, அதைச் சொல்லாம உட்டா எனக்குக் காப்பி செமிக்காது. படத்துக்குக் கதை வசனம் கலைஞரு. இந்தம்மா கவுந்தியடிகள். நெத்தி நெறைய துன்னூறும் காங்கிரசுமா இருந்த அம்மாவைக் கூட்டியாந்து நடிக்க வெச்சதே பெரிய வேலை. கோவலன் செத்ததுக்கப்பறம் ஒரு பாட்டு. அதுல, தெய்வம் எங்க போச்சுன்னு கேக்கற மாதிரி ஒரு வரி வந்துச்சாமா. இந்தம்மா மைக்கு முன்னால நின்னுக்கிட்டு, ‘இதை நானு பாடமாட்டேன்’னுட்டாங்களாமா. தெய்வம் எங்கயும் போகலை, இங்கதான் வந்திருக்குதுங்கற மாதிரி மாத்திக் குடுத்ததுக்கு அப்பறந்தான் பாட்டு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. கலைஞரு வசனத்துக்கு ஊரே கைதட்டுன காலம் சாமி அது. கத்தல் இல்ல, பேட்டி இல்ல, ‘எனக்குப் படைப்புச் சுதந்திரம் இல்லை’ன்னு அறிக்கை இல்ல. பாடமாட்டேன், அவ்வளவுதான். அந்தப் பக்கமும் கோவிச்சுக்காம மாத்திக் குடுத்திருக்கறாங்க பாரு, அதையும் சொல்லோணும்.

இப்ப நீ போற எடத்துல உன்னய என்ன பாடச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்’னு ஒரு வார்த்தை வரும். மொதல்ல சம்பளத்துல அட்ஜஸ்ட்டும்பான். அப்பறம் நேரத்துலம்பான். மூணாவது அட்ஜஸ்ட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல போனு வரும். கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்கறயா? தெனமும் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறவன் நானு. கேரளாவுல 2017ல நீதிபதி ஹேமா தலைமையில கமிட்டி போட்டாங்க, நடிகைங்க படற பாட்டை விசாரிக்க. 2019ல அறிக்கை குடுத்தாச்சு. அது வெளிய வந்தது 2024ல. அத்தனை வருசமும் பீரோவுக்குள்ளயே பத்தரமா இருந்துச்சு. நம்ம ஊட்டுப் பத்திரத்தைக்கூட உங்கமுச்சி அத்தனை பத்தரமா வெச்சதில்ல. அதனால அந்த மூணாவது போனு வந்தா கமிட்டிக்குக் காத்திருக்காத. ஒடனே போலீசுல சொல்லு, அப்பறம் எனக்குச் சொல்லு. நானு உங்க பெரியப்பனுக்குச் சொல்றேன். இதுக்காவது அவன் கச்சி உபயோகப்படட்டும்.

போகவேண்டாம்னு நானு சொல்லவே இல்லையே? உங்கம்மாதான் சொல்றா. அவளும் நீ பதினஞ்சு வயசுல இருந்தப்ப உன்ற டான்ஸை ஒறம்பரைக்கெல்லாம் போனுல காட்டிப் பெருமையடிச்சவதான். போ. ஆனா அந்த ஒண்ணேகால் லட்சத்தைக் கட்டாத. அதுல கால்வாசி போதும், ஈரோட்டுல நல்ல வாத்தியாரு ஒருத்தர்கிட்ட ஒரு வருசம் பாட்டுப் படிச்சுப்போடு. பாட்டு வராதா? அப்ப நாடகத்துல சேரு, மெட்ராசுலயும் நல்ல குழு இருக்குது. சம்பளம் கம்மியாத்தான் குடுப்பாங்க, ஆனா உன்கிட்டப் புடுங்க மாட்டாங்க. நடிக்கக் கூப்புட்டவன் காகிதத்தை நீட்டுனா எல்லாப் பக்கமும் படி. இங்கிலீசுல இருந்தா உன்ற வக்கீல் மாமன்கிட்டக் குடு, அவனும் படிக்காமத்தான் கையெழுத்துப் போடச் சொல்லுவான், அதனால நீ பக்கத்துலயே நின்னு சத்தமாப் படிக்க வெய்யி. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா நீ முந்திக்காத. அவனைச் சொல்ல உடு. சொன்னதும் துண்டு இல்லாட்டிப் போவுது, துப்பட்டாவை ஒதறித் தோள்ல போடு.

சம்பாரிச்சா என்ன பண்றதுன்னு இப்பவே ஒரு ரோசனை வெச்சுக்க. அந்தம்மா கொடுமுடியிலயே ஒரு சினிமாக் கொட்டாயி கட்டுனாங்க. ரயில்ல காசு வாங்கிப் பாடுன ஊர்ல, சனம் டிக்கெட்டெடுத்து வரிசையில நின்னுச்சு. இன்னொரு கதையும் எங்க பக்கம் சொல்லுவாங்க. காந்தி கொடுமுடிக்கு வந்தப்ப இந்தம்மா ஊட்டுல சாப்பாடாமா. தங்கத் தட்டுல பரிமாறியிருக்கறாங்க. உண்டு முடிச்சுட்டுக் காந்தி, ‘சாப்பாடு மட்டுந்தானா, தட்டு இல்லையா?’ன்னாராமா. எடுத்துக்கங்கன்னு ஒடனே குடுத்துட்டாங்க. அவரு அங்கயே அதை ஏலம் உட்டுக் கச்சி நிதிக்குச் சேத்துட்டாராமா. காந்தியும் நம்ம மண்டிக்காரனுக்குச் சளைச்சவரில்ல.

நீயும் பெரிய ஆளாகி, எவனாவது பெரிய மனுசன் நம்மூட்டுக்குச் சாப்பிட வந்தா ஒரு தொந்தரவும் இல்ல. இங்க இருக்கறதெல்லாம் எவர்சில்வரு. அதுலயும் உங்கமுச்சி ஒரு தட்டு உடாம பேரு வெட்டி, தேதி போட்டு, ஆரு கல்யாணத்துக்கு வந்த சீருங்கறது வரைக்கும் எழுதி வெச்சிருக்கறா. ஏலம் உட்டா எவனும் எடுக்கமாட்டான்.

அதோ அவளே வர்றா. டம்ளரை இப்புடிக் குடு. அடியில சக்கரை ஒட்டியிருக்குது.